பேய்ப் பாலத்தில் அடிக்கும் அந்த ஜில் காற்று

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் பக்கத்தில், ஒரு கிளைச் சாலையில் பழைய ஓடைப் பாலம் ஒன்று இருக்கிறது. இடத்தைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த அமாவாசைக்கு நாற்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், பக்கத்துத் தென்னந்தோப்பு நாய்க்குத் தொண்டை கட்டிவிடும். கருங்கல்லில் கட்டிய ஒற்றை வளைவு. இரண்டு பக்கமும் தொடை உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். இடப்பக்கச் சுவரில் என்றைக்கோ லாரி உரசிய இடத்தில் இரண்டு கல் பெயர்ந்து உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரிகிறது. வருஷத்தில் பாதி நாள் ஓடையில் தண்ணீரே இருக்காது.

இந்தப் பாலத்தைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் நாலு விஷயம் சொல்வார்கள். கட்டும்போது ஒரு பிள்ளையைப் பலி கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனால் பிடரியில் ஜில்லென்று யாரோ ஊதுவார்கள். பாலத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிடும். மல்லிகைப்பூ மணந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கேட்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி அத்தனையும் உண்மை என்கிறது. இன்னொன்று "எல்லாம் மனப்பிராந்தி" என்று கையை உதறிவிடுகிறது. ரொம்ப நாள் நான் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். அப்புறம் ஒரு தை மாத ராத்திரி என் பிடரியிலும் ஊதியது, என் வண்டியும் நின்றது. ஆக, நடப்பது நடக்கத்தான் செய்கிறது. அதற்குச் சொல்லும் காரணத்தில்தான் கோளாறு.

திருஷ்டி பட்ட குழந்தை

கல்யாண வீட்டுக்குப் போய்வந்த குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது. "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறோம். குழந்தை மூன்று லட்டு தின்றிருக்கிறது, மதியம் தூங்கவில்லை, மேளச் சத்தத்தில் மிரண்டிருக்கிறது. அழுகை நிஜம். அழுகைக்கு நாம் ஒட்டிய காரணம் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தது. சுற்றிப் போட்டதும் குழந்தை தூங்கிவிட்டால், ஒட்டியது நன்றாகவே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

இப்படி உடம்பில் எழும் ஒரு தவிப்புக்கு, அதோடு சம்பந்தமில்லாத ஒன்றைக் காரணமாக மனசு ஒட்டிவிடுவதைக் காரணப் பிறழ்வு என்று வைத்துக்கொள்வோம். பேய்ப் பாலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும். மற்றதெல்லாம் கல், காற்று, கியர்.

பேய் வேறு, முனி வேறு

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தம். பேச்சுவாக்கில் பேய், பிசாசு, முனி, மோகினி, காட்டேரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஊர் வழக்கில் இவை ஒன்றில்லை. அகாலத்தில் செத்தவர் அலைவது பேய். ஆணை மயக்குகிற பெண்ணுரு மோகினி. முனி காவல் தெய்வம். மீசையும் அரிவாளுமாக எல்லையில் உட்கார்ந்திருப்பவர். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெண்ணங்கொடி முனியப்பனுக்குக் கும்பிடு போடாமல் புது வண்டி எடுக்காத குடும்பங்கள் இங்கே உண்டு. பாலத்துப் பக்கம் ஓட்டுநர்கள் எலுமிச்சம்பழம் வைப்பதும் கற்பூரம் ஏற்றுவதும் முனிக்குத்தான், பேய்க்கு இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் போதும், "ஐயோ, செய்வினை" என்று கதை கட்டிவிடுவார்.

பொருள் அப்படியே இருக்க, விளக்கம் மட்டும் மாறுவதற்குச் சேலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்தது. அதை ஏற்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல் ஒன்றுதான். யார் என்று கேட்டால் காலத்துக்கு ஒரு பதில்.

பலி கொடுத்த பிறகுதான் பாலம் நின்றதா?

சரி, முதல் கதைக்கு வருவோம். "பகலில் கட்டினது ராத்திரி இடிஞ்சுடும். பலி கொடுத்த பிறகுதான் நின்னுச்சு." இதே வரியை கிரேக்க நாட்டில் ஆர்ட்டா என்ற ஊர்ப் பாலத்தைப் பற்றிய நாட்டுப்பாடலும் சொல்கிறது, அங்கே கொத்தனார் தன் மனைவியையே தூணுக்குள் வைத்துக் கட்டிவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் ஹூக்ளி நதிக்குப் பாலம் போட்டபோது, தூணுக்கு அடியில் குழந்தைகளின் தலைகளைப் போடுகிறார்கள் என்று கல்கத்தாப் பக்கம் வதந்தி பரவியதை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணை வேலை நடந்த வருஷங்களில், பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வாசலுக்கு விடமாட்டார்கள், பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று பயம் என்பார் பாட்டி. அவருக்கு அவர் அம்மா சொன்னது.

ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஊர்களில் ஒரே கதை கிளம்பினால், கட்டுமான வேலையிலேயே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருக்கிறது.

கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். யாரும் கம்பியைப் பிடித்திருக்க மாட்டார்கள், ஆனால் யாரும் விழவும் மாட்டார்கள். ஆளை ஆள் நெருக்குவதே பிடிமானம். வளைவுப் பாலமும் அப்படித்தான் நிற்கிறது. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் குறுகலாகச் செதுக்கிய கற்களை வில்லாக அடுக்குகிறார்கள். மேலே பாரம் ஏற ஏற ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை இன்னும் இறுக்கும். ஆனால் உச்சியில் வைக்கும் கடைசிக் கல் உட்காரும்வரை இந்த நெருக்கம் இல்லை. அந்தக் கல்லுக்கு முடிக்கல் என்று பெயர். அது வரும்வரை கற்களைத் தாங்குவது கீழே முட்டுக்கொடுத்திருக்கும் மரச்சாரம் மட்டுமே. ஓடையில் ஒரு வெள்ளம் வந்து சாரத்தை இழுத்துப் போட்டால் அத்தனை நாள் வேலையும் பள்ளத்தில்.

கல்லோடு கல்லை ஒட்டும் காரையும் ஒரு காரணம். இன்றைய சிமெண்ட் ஒரே நாளில் கெட்டியாகிவிடும். அன்றைக்குச் சுண்ணாம்போடு மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த காரை. அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் கல்லாகும், மாதக்கணக்கு பிடிக்கும். அதற்குள் மழைக்காலம் வந்தால் தண்ணீர் அடிக்கால் மண்ணைத் தின்றுவிடும்.

ஆகவே கட்டிய பாலம் இடிந்தது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இடிந்தால் என்ன செய்வார்கள்? பூசை போடுவார்கள், கிடாய் வெட்டுவார்கள். கூடவே கொத்தனார் அடித்தளத்தை இன்னும் ஆழமாகத் தோண்டுவார், வெள்ளம் வடிந்த பிறகு வேலையை ஆரம்பிப்பார். இந்த முறை பாலம் நிற்கும். ஆழமாகத் தோண்டியது மண்ணுக்குள் போய்விட்டது, யார் கண்ணுக்கும் தெரியாது. கிடாய் வெட்டியதை ஊரே பார்த்தது. நூறு வருஷம் கழித்துக் கதை சொல்பவர் எதைச் சொல்வார்? கிடாய் பிள்ளையாவதற்கு இரண்டு தலைமுறை தாராளம்.

இதுவரை வந்த தூரம்: பாலம் இடிந்தது உண்மையாக இருக்கலாம், பலியாக ஒரு கோழியோ கிடாயோ விழுந்ததும் உண்மையாக இருக்கலாம். அதனால் பாலம் நின்றது என்ற முடிச்சுதான் பின்னால் போட்டது.

பிடரியில் ஊதுவது யார்?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

வெறுங்காலோடு நின்று ஃப்ரிட்ஜைத் திறந்தால் முகத்தில் படுவதைவிடப் பாதத்தில்தான் முதலில் குளிர் விழும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். ராத்திரியில் மலையும் ஒரு திறந்த ஃப்ரிட்ஜ்தான். பொழுது இறங்கியதும், மேகமில்லாத இரவில், மலைச்சரிவு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிரும். சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவிலேயே வழுக்கிக் கீழே வரும். மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குமோ அதே வழி: வாய்க்கால், ஓடை, பள்ளம். இந்த ஓட்டத்துக்குக் குளிர்காற்று வடிதல் என்று பேர் வைக்கலாம்.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி மேலே எட்டு டிகிரி குளிர்ச்சி. மலையிலிருந்து அடிவாரம்வரை சரிவுகளில் ராத்திரி முழுக்க காற்று வடிந்துகொண்டே இருக்கிறது. அது எங்கே சாலையைக் குறுக்கே கடக்கும்? ஓடை கடக்கும் இடத்தில். ஓடை கடக்கும் இடத்தில் என்ன இருக்கும்? பாலம்தான்.

எங்கள் பாலத்தில் இன்னொரு சங்கதி. அதன் கண், அதாவது தண்ணீர் போகும் வாய், பாதி மண்மூடிக் கிடக்கிறது. அடியில் முழுசாகப் போக வழியில்லாத குளிர் மேல்பக்கம் தேங்கி, சுவரைத் தாண்டிச் சாலையில் வழிகிறது. பாலத்துக்கு முன்னும் பின்னும் தார்ச்சாலை பகல் வெயிலைக் குடித்துவிட்டு இன்னும் வெதுவெதுவென்று இருக்கும். நடுவில் இருபது தப்படி மட்டும் ஜில். முன்னால் இருந்த கதகதப்பு இல்லாவிட்டால் அந்த ஜில்லை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

மல்லிகை மணமும் இந்த ஓட்டத்தில் வருவதுதான். மல்லி இனப் பூக்கள் சாயங்காலம் மலர்ந்து ராத்திரியில் மணப்பவை, ஓடைக்கரைப் புதரில் காட்டுமல்லி உண்டு. மலைமேல் இருக்கும் பாலங்கள் என்றால் இன்னும் விசேஷம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி கொண்டுவந்து வைத்தார். கோடை மழை ஒன்று விழுந்து பத்து நாள் போனால் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூவின் மணம் அச்சு அசல் மல்லிகை. மூன்று நாலு நாளில் உதிர்ந்தும்விடும். இது தெரியாத ஒருவர் ராத்திரி பாலத்தில் அந்த மணத்தை இழுத்துவிட்டு, அடுத்த வாரம் ஆள் கூட்டி வந்து காட்டினால் மணம் இருக்காது. இதைவிட நல்ல பேய்க்கதை வேறு என்ன வேண்டும்?

வண்டி, கண், சத்தம்

வண்டி நிற்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். சாலை இறங்கி, பாலத்தில் குறுகி, உடனே மேடு ஏறுகிறது. இறக்கத்தில் டாப் கியரில் வருகிறோம். பாலம் குறுகல் என்று வேகத்தைக் குறைக்கிறோம், கியரைக் குறைப்பதில்லை. மேடு வந்ததும் இன்ஜின் இழுக்க முடியாமல் இரண்டு முறை திணறி அணைந்துவிடும். மேட்டில் சைக்கிள் பெடல் கல்லாகிப் போவது போலத்தான். பகலிலும் அங்கே வண்டிகள் நிற்கின்றன. பகலில் நின்றால் "பெட்ரோல் சரியில்லை" என்பார்கள்.

பாலத்தில் சிவப்புக் கண்கள் இரண்டு முறைத்ததாகவும் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் பக்கி. இந்தப் பறவை ராத்திரியில் சாலை நடுவிலேயே அமர்ந்திருக்கும், உடம்பு மண் நிறம், கண்ணுக்குத் தெரியாது. அதன் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. ஹெட்லைட் பட்டதும் தரையோடு தரையாக இரண்டு தணல் எரியும், கிட்டே போனதும் ஓசையில்லாமல் எழும்பி மறைந்துவிடும்.

யாரோ கூடவே வருவது போன்ற சத்தம் கைப்பிடிச் சுவரின் வேலை. திறந்த சாலையில் வெளியே போய்விடுகிற வண்டிச் சத்தம், பாலத்தில் இரண்டு சுவரிலும் பட்டு நம்மிடமே திரும்புகிறது.

வீடியோ எடுக்க வருபவர்கள் கையில் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள், விளக்கு எரிந்தால் ஆவி என்று அர்த்தமாம். அது மின்காந்தப் புலத்தைக் காட்டும் கருவி. எங்கள் பாலத்துக்கு மேலே மின்கம்பி போகிறது.

வான்கூவர் பாலத்தில் நடந்தது

எல்லாம் சரி. ஜில்லென்று காற்றடித்தால் "அப்பா, குளிருது" என்றுதானே தோன்ற வேண்டும்? ஏன் பேய் தோன்றுகிறது?

குளிர்ந்தாலும் பயந்தாலும் உடம்பு செய்வது ஒன்றையேதான்: மயிர்க்கால் அடியில் இருக்கும் சின்னத் தசைகள் சுருங்கி, மயிர் கூச்செறியும். வீட்டுக் காலிங் பெல் மாதிரி. பால்காரர் அடித்தாலும் கடன்காரர் அடித்தாலும் ஒரே சத்தம். யார் என்று மனசுதான் ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கு அது சுற்றுமுற்றும் பார்க்கும். இருட்டு, தனிமை, நின்றுபோன வண்டி, சின்ன வயதிலிருந்து கேட்ட கதை.

இந்த ஊகத்தை ஒரு பாலத்திலேயே சோதித்திருக்கிறார்கள். 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. கனடாவின் வான்கூவருக்குப் பக்கத்தில் கேப்பிலானோ தொங்குபாலம், 230 அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பது. அதைக் கடந்து வரும் ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று தன் போன் நம்பரைக் கொடுத்தார். ஆடாத, தாழ்வான, உறுதியான இன்னொரு பாலத்திலும் அதே மாதிரி கொடுத்தார். ஆடும் பாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர். உயரத்தைப் பார்த்துப் படபடத்த நெஞ்சு, எதிரே நின்ற பெண்ணைப் பார்த்துத்தான் படபடக்கிறது என்று நினைத்துவிட்டது என்பது அவர்களுடைய விளக்கம். சின்ன ஆய்வு, இதை வைத்து உலகத்தையே அளக்கக் கூடாது. ஆனால் வழி காட்டுகிறது.

எனக்கு இதில் சுவாரசியம் வேறு. பாலத்தில் நெஞ்சு படபடக்கிறது, பக்கத்தில் ஒரு பெண். வான்கூவரில் அது போன் நம்பராகிறது. அடிவாரத்தில் பெண்ணே தேவையில்லை, மோகினி தயாராக இருக்கிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை நாம் கிண்டலுக்குத்தான் சொல்கிறோம். அதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரண்டவன், அப்புறம்தான் பேய். பேயைப் பார்த்து யாரும் அரளவில்லை.

சுருக்கமாக: காற்று உடம்பைத் தொடுகிறது, உடம்பு மணியடிக்கிறது, மனசு யாரென்று கேட்கிறது, ஊர் ஏற்கெனவே ஒரு பேர் எழுதி வைத்திருக்கிறது.

ஊதுபத்தி

இவ்வளவும் சரிதானா என்று பார்க்க மாமன் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி பாலத்துக்குப் போனேன். அவன் வருவதற்கே பிரியாணி கேட்டான். சால்வையை வண்டியின் கண்ணாடி மேல் போட்டுவிட்டு, பெயர்ந்த கல் இடுக்கில் ஊதுபத்தி ஒன்றைச் செருகிப் பற்றவைத்து இரண்டு பேரும் சுவர்மேல் உட்கார்ந்தோம்.

புகை நேராக ஒரு சாண் ஏறியது. அப்புறம் யாரோ விரலால் வளைத்த மாதிரி மடிந்து, சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரைத் தாண்டி ஓடைக்குள் இறங்கியது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. காற்றே இல்லாத இரவில் புகை மட்டும் தண்ணீர் மாதிரிக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் கையை அதன் குறுக்கே நீட்டினான். "ஃப்ரிட்ஜுதான் மாப்ள," என்றான். ஆனாலும் கை மயிர் நட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இறக்கத்தில் ஒரு எக்ஸ்எல் வந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த வண்டி போன வேகம் அந்தக் கம்பெனிக்கே தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை டீக்கடையில் நிற்கிறேன். ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பங்காளிக்கு நேர்ந்ததாம். பாலத்துச் சுவரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவது ஆள் துணியால் மூடிக்கொண்டு கீழே நின்றது. நடுவில் நெருப்பு. கிட்டே போனதும் சாவு வீட்டு ஊதுபத்தி மணம்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "கால் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தனுக்கு மட்டும் இல்லீங்க."

மச்சான் அன்றைக்குக் கறுப்புப் பேண்ட் போட்டிருந்தான்.